உப்புத் தண்ணீரில் கழுவிய தோல்

கல்முனை,
2007 மாசி

அன்பு மகன் அஸ்பாக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம், சுகமா என்று மட்டும் கேட்காதே, உன் வாப்பாவோடு இருக்கிறவளுக்கு என்ன சுகம். கத்தாரில் குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ மகன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுத்த கிடாயின் தோலை எப்போதும் போல மதரசாவுக்குக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தச் சீரழிவு இல்லை. விற்கத்தானே கூடாது, நாம் பாவிக்கலாம் என்று சட்டம் கதைத்து, சுனாமியன்று கடலோடு போன றபான் மேளத்துக்குப் பதிலாகப் புதிது கட்டுவேன், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் பைத் பாடுகிற பக்கீர் பாவாமாரோடு இருந்து அடிப்பேன் என்று உன் வாப்பா ஒரே பிடியாக நின்றார். நான் உடுப்புக் கழுவுகிற பெரிய பேசினில் சுண்ணாம்பைக் கரைத்துத் தோலை ஊறப்போட்டார். முற்றமெல்லாம் நாற்றம், பக்கத்து வீட்டு ஸுலைஹா மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியால் எட்டிப் பார்க்கிறாள். மயிர் கழன்றதும் நான் மீன் வெட்டுகிற கத்தியைக் கேட்காமல் எடுத்துச் சுரண்டினார். காகம் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம், நடுவில் நான் தடியோடு.

அதையும் பொறுத்தேன். கடல் புகுந்த கிணறு இன்னும் உப்பு, சுண்ணாம்பு போகக் கழுவ பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரை எடுங்கள் என்றேன். கேட்டாரா? நம்மட கிணறு நல்லா வந்திட்டு, ஒனக்குத்தான் வாயில உப்பு என்றார். உனக்கும் போனில் அதைத்தானே சொல்கிறார். அந்த உப்புத் தண்ணீரால் எனக்குப் பிரஷர் கூடி டொக்டர் ஏசின பிறகும், சுனாமிக்காக வயல் பக்கம் கொடுத்த புது வீட்டுக்குப் போகாமல் இருக்க அவருக்கு அந்தக் கிணறுதான் சாட்டு. கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி, ஈரத்தோடு பலாக் கட்டை வளையத்தில் இழுத்து ஆணி அடித்துக் காயவைத்தார். பகலில் தட்டினால் கணீர் என்கிறது, பொழுதுபட்டுக் கடற்காற்று வந்ததும் நனைந்த பப்படம். ஆட்டைக் குறை சொன்னார், மழை மூட்டத்தைக் குறை சொன்னார், பிறகு என்னை. நெருப்பில் காட்டிக் காட்டி அடித்தார், மறுநாளும் அதே கதை. கடைசியில் தோலை நாக்கால் நக்கிப் பார்த்தார் மகன். உப்பு.

கிணற்று உப்புத்தான் இரவில் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கினேன். கிணறு சரிவராது கமீலா, போவம், ஆனா ரிஸ்மின் வந்தா நம்மள எங்க தேடுவான் என்றார். கடல் வந்த அன்று போன உன் தம்பியின் மையித்து, அடக்க ஓர் உடம்பு, கிடைக்கவில்லை என்பதற்காக இந்த மனிசன் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் கிணற்றோடு சண்டை பிடித்திருக்கிறேன். வாயைத் திறந்து அதை முதலே சொன்னால் என்ன? ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

இன்று காலையில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து, தெருவைப் பார்த்த மதிலில் புது வீட்டு விலாசத்தைப் பெரிதாக எழுதினார். எழுத்தெல்லாம் கோணல் என்று ஏசினேன், பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைப்பான். வரும்போது எனக்கு உடுப்பு ஒன்றும் வேண்டாம், மழைக்கு அழியாத பெயின்ட் ஒரு டின் மறக்காமல் வாங்கி வா.

உனக்காக துஆக் கேட்கும்,
உன் உம்மா கமீலா