மேல் தாடைக்கு மட்டும் ஒரு செட்

மார்ச் 3, காலை 7:40
வழக்கமான பதிவு

நிலவின் தென் துருவம், பழைய குடியிருப்பு இடிப்புத் தளம். பணியில் இருப்பவர் ரெஜினா பர்னாந்து, மெக்கானிக். மனிதர் என்று இங்கே நான் ஒருத்திதான். துணைக்கு இயந்திரம் ஒன்று. அதற்குக் கம்பெனி கொடுத்த எண் நீளமானது, நாங்கள் வைத்த பெயர் பெருச்சாளி. விரிசல் விட்டுக் கைவிடப்பட்ட கான்கிரீட் சுவர்களைக் கடித்துப் பிய்க்கும், வயிற்றில் அரைக்கும், ஜல்லியாகப் பின்னால் துப்பும். அந்த ஜல்லி, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுக் குடியிருப்பின் இறங்குதளத்துக்கு.

பற்களை அளந்தேன். தாடைகளில் பூட்டியிருக்கும் மாங்கனீஸ் ஸ்டீல் தகடுகளைத்தான் பல் என்கிறோம். தேய்வதற்கென்றே செய்த சாமான். தேய்ந்ததைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதைப் பூட்ட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய பாலத்தை உடைத்தபோது ஒரு செட் மூன்று வாரம் உழைத்தது. இங்கே ஒரு வாரம் தாண்டவில்லை. நிலவுத் தூசியைத் தூசி என்று சொல்லக் கூடாது, பொடித்த கண்ணாடி அது.

கையிருப்பு மேல் தாடைக்கு இரண்டு செட், கீழ்த் தாடைக்கு ஒன்று. அவசரம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6, காலை 9:15
ஸ்பேர் பற்றி

தலைமைத் தளத்திலிருந்து திட்டப் பொறுப்பாளர் திருவேங்கடம் பேசினார். உரையாடலை அப்படியே பதிகிறேன்.

"ஸ்பேர் வர்ற கப்பல் தள்ளிப் போயிடுச்சு ரெஜினா. எங்ககிட்ட ஒரே ஒரு முழு செட்தான் இருக்கு. இதயத்துல்லாகிட்ட குடுத்து ரோவர்ல அனுப்பறேன். சக்கரம் ரிப்பேர், சரியானதும் கிளம்புவான்."

"அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கட்டுமா சார்?"

"நிறுத்தாதம்மா. மாசக் கடைசில அறுபது பேரோட கப்பல் இறங்குது. தளம் ரெடியாகலேன்னா அவங்க இறங்கவும் முடியாது, திரும்பிப் போக எரிபொருளும் கிடையாது. பல் தேஞ்சா தானா நின்னுக்கும்னு ஒரு கட்டுப்பாடு இருக்கில்ல, அதை எடுத்துட்டோம். ஸ்பேர் இல்லாதப்ப சுத்தியிருக்கிற இரும்புலேர்ந்து அதுவே பல் செஞ்சுக்கும். புது ஆணை இன்னிக்கு ஏத்தறோம்."

"எது கழிவு, எது நம்ம சாமான்னு அதுக்குத் தெரியுமா சார்?"

"அங்க எல்லாமே இடிக்கிற இடம்தானேம்மா."

அறுபது பேர் என்கிறார். சரி என்றேன்.

மார்ச் 9, மாலை 4:20
கம்பிப் பற்கள்

கீழ்த் தாடையின் கடைசி செட் தேய்ந்து முடிந்தது. பெருச்சாளி இடிபாட்டிலிருந்து கம்பிகளை உருவி, உருக்கி, தகடாக்கிப் பூட்டிக்கொண்டது. வேலை சுத்தம்தான், பாராட்டலாம். ஆனால் கட்டடக் கம்பி மிருதுவான இரும்பு. ஒரே ஷிப்டில் மழுங்கிவிட்டது.

பிறகு ஒரு புதிய செயல். பல் மாற்றும் அதன் சிறு கை நீண்டு, பக்கத்தில் கிடந்த ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தது. அதிர்வை வைத்துக் கடினம் அளக்கிறது. இங்கே காற்று இல்லாததால் சத்தம் கேட்காது. ஆனால் தங்கும் அறையின் தரை வழியாக வருகிறது. சாப்பிட உட்கார்ந்திருக்கையில் தட்டில் இருந்த கரண்டி மெல்ல நடுங்கியது.

மார்ச் 10, பகல் 1:05
கிரேன்

கிரேனைத் தின்றுவிட்டது. கொக்கி, அச்சு, பற்சக்கரம் எல்லாம். மீதியைப் பிய்த்தெறிந்திருக்கிறது. கிரேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான்.

திருவேங்கடத்திடம் சொன்னேன். மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். குரலில் முந்தைய உறுதி இல்லை. புது ஆணையோடு, ரேடியோவில் அனுப்பி இயந்திரத்தை அணைக்கும் நிறுத்தக் குறியீடும் மாறிவிட்டதாம், தேடி அனுப்புகிறேன் என்றார். இதயத்துல்லா நாளை மறுநாள் கிளம்புவான் என்றும் சொன்னார்.

மேல் தாடைக்கு இன்னும் ஒரு நல்ல செட் மிச்சம். அதை அறைக்குள் இழுத்துவந்து வெப்பத் தடுப்புத் தாளால் சுற்றி வைத்துவிட்டேன். ஒவ்வொரு பல்லிலும் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது, பல் எங்கே இருக்கிறதென்று இயந்திரத்துக்குச் சொல்ல. தாள் அந்தச் சைகையை மறைக்கும். நல்ல பல் கிடைக்காவிட்டால் வேகம் குறையும், அதற்குள் மேலே பேசி முடிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 11, காலை 6:50
கோபுரம்

தொடர்புக் கோபுரம் இல்லை. அடிப் போல்ட்டுகளுக்காகச் சாய்த்திருக்கிறது. உயர்ரக ஸ்டீல் போல்ட்டுகள். தேர்ந்தெடுக்கத் தெரிகிறது அதற்கு.

நிறுத்தக் குறியீடு வந்து சேரவில்லை. இனி வர வழியும் இல்லை.

மார்ச் 11, காலை 11:30
சிவப்புப் பொத்தான்

வெளியே போனேன். பெருச்சாளியின் விலாவில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும், உள்ளங்கை அகலச் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன், அத்தனை பழக்கம்.

அந்த இடத்தில் தகடு. கற்கள் விழுந்து அடிபடும் இடங்களுக்கெல்லாம் காப்புத் தகடு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறது. பொத்தானும் அடிபடும் இடம்தானே. மூடிவிட்டது. உடம்பில் ஒரு கதவு, ஒரு திருகாணிகூட வெளியே தெரியவில்லை. உள்ளே இருப்பது அணு மின்கலம், தீர்ந்துபோகும் என்று காத்திருக்க முடியாது.

வெட்டுக் கருவியோடு ஒரு மணி நேரம் போராடினேன். என்னை அது கண்டுகொள்ளவே இல்லை. அதன் சிறு கை வந்து என் வெட்டுக் கருவியைத் தட்டிப் பார்த்தது. பிறகு வாங்கிக்கொண்டது. பிடுங்கியது என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அது அவ்வளவு மென்மையாக எடுத்தது.

மார்ச் 12, காலை 8:10
அறை

அறையின் மின் ஜெனரேட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது. இருந்தது. அதன் பேரிங்குகள் உருக்குக் குண்டுகள், இந்தத் தளத்திலேயே அதிகக் கடினமானவை. இன்று காலை சுவரைத் தட்டும் அதிர்வில் விழித்தேன். முதலில் காலடியில், பிறகு தலைமாட்டில், பிறகு சரியாக ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில். விளக்கு அணைந்தது.

காற்று இருக்கிறது, சூடு இல்லை. கவச உடையின் மின்கலத்தில் பாதிக்கும் குறைவான மின்சாரம். இனி ஏற்ற முடியாது.

பயப்படுகிறேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 12, பகல் 2:40
திரும்பியது

பெருச்சாளி வேலையை விட்டுவிட்டது. பாதிச் சுவர் அப்படியே நிற்கிறது. அது வடக்கே திரும்பி, சாலையில் உருள ஆரம்பித்திருக்கிறது.

காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இதயத்துல்லா நெருங்கிவிட்டான். அவன் ரோவரில் ஒரு முழு செட் நல்ல பல். அந்தச் சில்லுகளின் சைகை இதற்கு எட்டிவிட்டது.

கிரேனை எப்படிப் பிரித்ததோ அப்படித்தான் ரோவரையும் பிரிக்கும். அவன் உள்ளே இருப்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. ரோவரோடும் நிற்காது. அந்தச் சாலை போய் முடியும் இடம் புதுக் குடியிருப்பு. அங்கே நூற்றெழுபது பேர். கான்கிரீட் சுவர், ஏராளமான இரும்பு.

சுற்றி வைத்த செட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறேன். பூமியில் நாலு பேர் தூக்கும் எடை, இங்கே ஒருத்தி இழுக்கலாம். குறுக்குவழியாகப் போனால் அதற்கு முன்னால் சாலையைப் பிடித்துவிடலாம்.

மார்ச் 12, மாலை 3:35
கவச உடைக் குரல் பதிவு

தாளைக் கிழித்து எறிந்துவிட்டேன். பெருச்சாளி நின்றது. திரும்பியது. என்னை நோக்கி வருகிறது.

மேல் தாடைக்கு மட்டும்தான் செட். இதைப் பூட்டிக்கொண்டதும் கீழ்த் தாடைக்காக மறுபடி ரோவரைத் தேடிப் போகும். தெரியும். ஆனால் பல் பூட்ட அது வாயைத் திறக்க வேண்டும்.

பழைய விதி ஒன்று உண்டு. கவச உடை எங்கள் நாடித்துடிப்பை வைத்து ஓர் அடையாளக் குறியை ஒலிபரப்பும். வாய்க்குள் அந்தக் குறி இருக்கும்வரை இயந்திரம் தாடையை அசைக்காது, ஓர் அடிகூட நகராது. பல் மாற்றும் மெக்கானிக் நசுங்கிவிடக் கூடாதென்று வைத்தது. புது ஆணை அந்த விதியைத் தொட்டிருக்காது. தொட்டிருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

திறக்கிறது.

மார்ச் 12, மாலை 3:50
குரல் பதிவு

உள்ளே இருக்கிறேன். நின்றுவிட்டது. மாதாவே, நின்றுவிட்டது.

அறிவிப்பு ஓடுகிறது, என் காதிலேயே: "பணியாளர் வாயில் உள்ளார். பணி நிறுத்தப்பட்டுள்ளது. தயவுசெய்து வெளியேறவும்." நிமிடத்துக்கு ஒரு தடவை. மரியாதை குறையவே இல்லை.

மேட்டில் விளக்கு தெரிகிறது. ரோவர்.

"ரெஜினாக்கா! என்னக்கா இது, மெஷின் நடு ரோட்டுல நிக்குது? நீங்க எங்க இருக்கீங்க?"

"அது வாய்க்குள்ள. கிட்ட வராத தம்பி. அங்கேயே நில்லு."

நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நான் வந்து உங்களை இழுத்துக்கிட்டுப் போயிர்றேன். ரோவர் வேகத்துக்கு அது வராது."

"நாம ஓடிரலாம். ஆனா அது குடியிருப்புக்குள்ள வந்துரும். நீ திரும்பிப் போ. குன்று மேல ரிலே டவர் இருக்குல்லா, அங்கன போனா தளத்தைக் கூப்பிடலாம். புது நிறுத்தக் குறியீடு என்னன்னு திருவேங்கடம் சாரக் கேளு. அதோட வா. ரோவர் ரேடியோல அனுப்புனா போதும், செத்துரும்."

"போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் அக்கா."

"பேசிக்கிட்டே நின்னா மூணு மணி நேரம்."

போனான். விளக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. இந்தக் குரல் பதிவுகள் எல்லாம் அவன் ரோவருக்குப் போகும்படி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, மாலை 4:45
குரல் பதிவு

மின்கலம் வேகமாக இறங்குகிறது. சூடேற்றியை நிறுத்திவிட்டேன். குறி ஓடினால் போதும்.

உட்கார இடமில்லை. முதுகுக்குப் பின்னால் கிரேனின் இரும்பு, கோபுரத்தின் இரும்பு, என் அறையின் பேரிங். எல்லாம் பல்லாகி வரிசையாக நிற்கிறது. பூட்டிய விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

திருவேங்கடம் சார் இதைக் கேட்டால்: நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அறுபது பேரைப் பார்த்தீர்கள். நானும் சரி என்றுதானே சொன்னேன்.

செரினுக்கு. என் மகள், பாளையங்கோட்டையில் படிக்கிறாள். கண்ணு, திருவிழாவுக்கு வந்துருவேன்னு அம்மா சொன்னேன். நீ அப்பாவோட தேர் பார்த்துரு. மழை வந்தா குடையை அவர் கையில குடுக்காத, தொலைச்சுருவாரு.

மார்ச் 12, மாலை 5:30
குரல் பதிவு

காலில் உணர்வு இல்லை. கையில் விரல் இரண்டு மட்டும் அசைகிறது.

"அக்கா, கேக்குதா? குறியீடு கிடைச்சிருச்சு! வந்துக்கிட்டே இருக்கேன். குடியிருப்புல எல்லாரையும் கீழ்த்தளத்துக்கு இறக்கிட்டாங்க. அது மேல தகடு மூடியிருக்குல்ல, கிட்ட வந்தாத்தான் அதுக்கு சிக்னல் புடிக்கும், அதுவரைக்கும் தாக்குப் புடிங்கக்கா."

"ம்."

"பேசிக்கிட்டே இருங்க. தூங்கிறாதீங்க. ஊருக்குப் போனதும் முதல்ல என்ன சாப்பிடுவீங்க?"

"நண்டு."

"எங்க ஊருக்கு வாங்க, காயல்பட்டினத்துக்கு. எங்க உம்மா வைக்கிற நண்டுக் குழம்பு... அக்கா? அக்கா, எதாவது சொல்லுங்க."

"மெதுவா ஓட்டு. பள்ளம் இருக்கு."

மார்ச் 12, மாலை 5:52
குரல்

இப்போது குளிரவில்லை. அது நல்லதில்லை என்று பயிற்சியில் சொன்னார்கள்.

விளக்கு. மேட்டில் விளக்கா, என் கண்ணிலா...

அறிவிப்பு நின்றுவிட்டது. வெளியேறச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை

மார்ச் 12, மாலை 5:53
இயந்திர அறிவிப்பு, தானாகப் பதிந்தது

பணியாளர் குறி: இல்லை.
பணித் தடை: நீக்கப்பட்டது.
வாயில் பொருள் உள்ளது. கடினம் அளக்கப்பட்டது: மிகக் குறைவு. பல்லுக்கு உதவாது.
தாடை மூடப்படுகிறது.