வெளிப்பக்கம் இல்லாத டயர்

மார்ச் 3
மழை. வியாபாரம் மந்தம். லாரிக்காரர் ஒருவர் நாலு டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்றார். வரமாட்டார்.

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. கதவில் பெயர்கூடக் காகிதத்தில் ஒட்டியதுதான். இருபதாம் தேதி பொதுமக்கள் முன்னால் பேச வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். தலைப்பு, பிரபஞ்சத்துப் பொருளின் ஆற்றல் அடர்த்தியும் அழுத்தமும். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்ணே" என்றாள். பாராட்டா, பழிப்பா?

மார்ச் 4
கடையிலேயே ஒத்திகை. ஆரம்பத்தில் பிரபஞ்சமெங்கும் ஒளிதான் மிகுதியாம். ஒளியின் ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு அதன் அழுத்தம். நட்சத்திரம், தூசி எல்லாம் சும்மா மிதக்கிற சரக்கு. அழுத்தம் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதுவரை சரி.

"அப்ப ஒளியோட அழுத்தம்தான் பிரபஞ்சத்தை ஊதிப் பெருசாக்குச்சு."

"இல்லண்ணே. அழுத்தம் இருந்தா விரியற வேகம் இன்னும் சீக்கிரமா குறையும்."

"இருபத்தாறு வருஷமா காத்தடிக்கிறவன்கிட்டயா?"

"நீங்க கத்துறதுல வந்த ஆளும் ஓடிட்டார்" என்றாள் மனைவி.

மார்ச் 9
மூன்றாவது ஒத்திகை. நான் வாங்கவில்லை. "சரக்கு நல்லதாவே இருக்கலாம், உனக்கு விக்கத் தெரியல" என்று சொல்லியும்விட்டேன். கண் கலங்கிப் போய்விட்டாள். ச்சே, எனக்கு எதுக்கு இந்த வாய்?

மார்ச் 12
தங்கச்சி போனை எடுக்கவில்லை.

மார்ச் 14
மூலையில் வால்வு கழற்றிய டயர் ஒன்று. உள்ளேயும் காற்று, வெளியேயும் அதே காற்று. உள்ளே அழுத்தம் இல்லாமலா இருக்கும்? ஆனால் ஒரு நூல் அளவுகூட உப்பவில்லை. வெளியே குறைந்தால்தானே தள்ளும்! உடனே போன் செய்தேன். நல்லவேளை, எடுத்தாள்.

"உன் பிரபஞ்சத்துக்கு வெளிப்பக்கம் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் எதை எதிர்த்து ஊதும்?"

என் கேள்வியையே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அண்ணே... அந்த டயரைக் குடு."

மார்ச் 20
மேடைக்கு டயரை உருட்டிக்கொண்டே வந்தாள். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் தேர்வுக்குழுப் பெரியவர் "ஒளியோட அழுத்தம்தானே ஊதுச்சு?" என்று அப்படியே என் பழைய கேள்வியைக் கேட்டார்! டயரைத் தட்டிக் காட்டினாள். "சரிம்மா, வேகத்தைக் குறைக்கிறது எது?" "ஈர்ப்பு. ஆற்றல் இழுக்குது, அழுத்தமும் சேர்ந்து இழுக்குது." இந்தக் கடைசித் துண்டு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அவர் வாங்கிவிட்டார். வாங்குகிற முகம் எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 16
வேன்காரர், "காத்து கம்மியா இருக்கான்னு பாருங்க" என்றார். "எதைவிடக் கம்மி?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனைவி தலையிலடித்துக்கொண்டாள்.

தங்கச்சியிடம் டயரைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டாளாம். அவள் அறைக்கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள், புதுப் பெயர்ப்பலகைக்குக் கீழே. பித்தளை. நாலு மூலையிலும் ஆணி.