வழவழத்துப் போன குழல்

ஐப்பசி 9, ஞாயிறு

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் செய்த காரியம் மண்டையைக் குடைகிறது.

எண்ணூர் கழிமுகத்தில் தாத்தா வாத்து சுட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி அது. சுட முடியாதபடி செய்து, முறைப்படி அனுமதி வாங்கி, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறோம். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிச் சுற்றிச் செய்த குழல். அதனால் மேலே முழுக்க, இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில்கூட, சுருள் சுருளாக வரி இருக்கும். சர்க்கரையில் கண் போன பிறகும் அப்பா அதை மடியில் வைத்து அந்த வரிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பார்.

எனக்கு அது பழுப்புத் துருவாகத்தான் தெரிந்தது. படிக்கட்டுக் கைப்பிடிகளுக்கு பாலிஷ் போட்டே பழகிய கை. திருவொற்றியூர் பட்டறைக்கு எடுத்துப்போய், பஃபிங் மெஷினில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். அதில் பெருமை வேறு.

சாயங்காலம் கொண்டுவந்து மடியில் வைத்தேன். அப்பாவின் கட்டைவிரல் குழலில் ஏறி இறங்கியது. நடுப்பட்டைக்குப் போனது. மறுபடி குழலுக்கு வந்தது.

"இன்னாடா இது? யாரோடத எத்துகினு வந்துக்கீற?"

"நம்மளுதுதான் நைனா. பாலிஷ் போட்டேன்."

"போடா. நம்மளுது எனுக்குத் தெரியாதா? பட்டறைல எவனோ மாத்தி வுட்டுட்டான். நீ ஏமாந்துட்ட."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. துப்பாக்கியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"காலீல போயி நம்மளத வாங்கினு வா, இன்னா?"

வெறும் மடியில் கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.