ஏற்றிக் கட்டிய படங்கு

இன்று காலை மழையோடு ஒருத்தி டிஸ்பென்சரிக்கு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கதவோரம் மாட்டிவிட்டுப் பெஞ்சில் படுத்தாள். நனைந்த சாக்கும் கொழுந்துச் சாறும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவியது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, என்மேல்தான்.

அவளுக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதம், குழந்தையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது. ஆனாலும் அவளை ஒருக்களிக்கச் சொல்லி, விலாப் பக்கம் விரலால் தட்டிப் பார்த்தேன். "என்னங்கம்மா, பலாப்பழமா பாக்குறீங்க?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அப்படித் தட்டிப் பார்க்க நான் கற்றுக்கொண்டது உன் வயிற்றில்தான்.

நாம் இருவரும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நீ கொழுந்துக்குப் போனாய். நான் பயிற்சிக்குப் போய், அதே தோட்டத்துக்கு மருத்துவச்சியாகத் திரும்பினேன். உன் புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் உன் படங்குக் கயிறு மேலே ஏறத் தொடங்கியது.

நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? செடி நனைக்காமலும் கீறாமலும் இருக்கப் படங்கை எல்லாரும் இடுப்பில் கட்டுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி மட்டும் வயிற்றை இறுக்காமல் கயிற்றை ஏற்றி மார்புக்குக் கீழே கட்டுவாள். அதனால் முழுகாமல் இருக்கிறாயா என்று யாரும் யாரையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் நேரம் கயிற்றைப் பார்த்தால் போதும். உன் கயிற்றையும் பார்த்தார்கள். புருஷன் இல்லாதவளின் கயிறு. கங்காணி பெண்சாதி வாயில் விழுந்த பிறகு கேட்க வேண்டுமா?

நானும் பார்த்தேன். பயிற்சி எடுத்த மருத்துவச்சி, கயிற்றைப் பார்த்தே முடிவு கட்டினேன். இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொன்னாய், மசக்கை என்று நினைத்தேன். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறது என்றாய், அதற்கும் தலையாட்டினேன். நீயாகச் சொல்லட்டும் என்று பெரிய மனுஷி மாதிரி வாயை மூடிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சிப் புத்தகத்தில் உன் பெயரை எழுதினேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம். மூன்று மாதம் அப்படியே போனது.

அந்தப் புத்தகத்தைப் பார்த்து, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா உனக்கு இலேசான வேலை கொடுக்கச் சொன்னபோதுதான் உனக்கு விஷயம் தெரிந்தது. நீ அழவில்லை. மறுநாள் பெரட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் பேசினாய்.

"எவன் எவன்னு குசுகுசுக்கிறீங்களே, என்னன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? என் வயித்துல புள்ள இல்ல. வலி இருக்கு."

கங்காணி பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டாள். நீ அவளைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தாய்.

அந்த வாரமே தலவாக்கலையில் ரயிலேறி உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த கிளாக்கர், எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டார். "இந்தியாவா இலங்கையான்னு இன்னும் யாரும் முடிவு பண்ணலீங்க. நீங்க வலிய எழுதிக்கங்க" என்றாய். மனுஷன் சிரித்தே விட்டார்.

வார்டிலிருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா நம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். கருமுட்டை உண்டாகும் சூலகத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலில் தொடங்கும் புற்றாம். அதன் அணுக்கள் உதிர்ந்து வயிறெங்கும் ஒட்டி முளைக்குமாம், நீர் கோக்குமாம். சத்தமில்லாமல் வளர்வதால் பெரும்பாலும் பிந்தித்தான் தெரியவருமாம். புரளும்போது தட்டுகிற சத்தம் மாறினால் உள்ளே நீர் என்று எனக்குக் காட்டித் தந்தவரும் அவர்தான். எடுக்க முடிந்ததை அறுத்து எடுத்தார்கள். மிச்சத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரை. அது சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஏனென்று எங்களுக்கே தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அறுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். நான் தயங்கினேன். நீ தயங்கவில்லை.

"எனக்குக் கேக்காட்டி பரவாயில்லங்கம்மா. ஏன் கேக்கலேன்னு கண்டுபிடிச்சு எழுதி வைங்க."

மாத்திரை ஒன்பது மாதம் கேட்டது. வயிறு வற்றியது. நீ கயிற்றை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கங்காணி வீட்டு வாசல் வழியாக மலைக்குப் போனாய். சுற்று வழி, ஏற்றம் வேறு. உன் திமிரைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு நீர் திரும்பியது. இந்தத் தடவை மாத்திரை கேட்கவில்லை.

உன் சாவு வீட்டில் ஒருத்தி முன்வினை என்றாள். வினையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை, இது நோய், இதற்கொரு பெயர் இருக்கிறது என்று உன் தலைமாட்டில் நின்று சத்தம் போட்டேன். கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். அதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

வாயு பிடித்தவளுக்கெல்லாம் கொழும்புக்குக் கடிதம் கொடுக்கிறேன் என்று டிஸ்பென்சர் ஐயா இப்போது முணுமுணுக்கிறார். கொடுக்கத்தான் செய்வேன். அப்படிப் போனவர்களில் ஒருத்திக்கு, நோய் ஒரு சூலகத்தோடு நிற்கும்போதே பிடித்துவிட்டார்கள். டயகமத் தோட்டத்தில் இன்றும் அவள் கொழுந்து எடுக்கிறாள். அதனால் என் மனது ஆறிவிட்டதா என்றால், இல்லை. ஆறவும் வேண்டாம்.

உனக்கு நீர் திரும்பிய நாள், மாத்திரையை நிறுத்திய நாள், கடைசி நாள் எல்லாவற்றையும் டாக்டரம்மாவுக்கு எழுதினேன். அவரும் பதில் போடுகிறார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் கட்டிகள் ஒரே மருந்துக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றனவாம். வேறு மருந்துகளைச் சோதிக்கிறார்களாம். உன் மாத்திரை ஏன் வேலை செய்யாமல் போனது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லையாம். நான் விடுவதாயில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வாழ்த்தோடு சேர்த்து அதையே கேட்டு எழுதுகிறேன். பாவம், அவருக்கும் சலித்திருக்கும். நோயாளி போய் இவ்வளவு காலமாயிற்றே, இன்னும் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று இந்த வருஷம் எழுதியிருந்தார்.

நோயாளிக்கு இன்னும் பதில் போகவில்லை என்று எழுதிப் போட்டேன்.