வாசலில் தொங்கும் இட்லித் தட்டு

உஷா,

வாசல்ல தொங்குறதைப் பார்த்திருப்பே. நம்ம பழைய இட்லித் தட்டுதான், மேல ஒரு பல்பு. ஓட்டை வழியா சுவரெல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சம் விழுதா? கூகட்பள்ளி கடையில நீ காட்டின விளக்கு மாதிரி இல்லைன்னு தெரியும். பார்த்ததும் இந்த ஊர்க்காரங்க மாதிரி "நக்கோ, வேணாம்"ன்னு சொல்லிடாதே, ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சிருக்கேன்.

இன்னும் காயலை, தொடாதே. கொக்கி தாங்கும், இழுத்து இழுத்துப் பார்த்துட்டேன். இருந்தாலும் அடியில நிக்காதே.

சாம்பார் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்கோ. எனக்கு ஜீடிமெட்லாவுல நைட் ஷிப்ட்.

ஜெகதீஸ்

கொக்கி நிஜமாவே தாங்கும்.

வேலை முடிஞ்சு வந்தா வாசல் இருட்டா இருக்குன்னு நேத்து கத்தினியே. கரன்ட் பில்லுன்னு தினமும் அணைக்கிறவன் நான்தானே. இன்னிக்கு நானே போட்டுட்டுப் போறேன். அணைச்சிடாதே. காலையில நான் வரும்போதும் எரியட்டும்.