கடைசி நாள் கணக்கு

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கே? எங்க அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா?

இங்கே ஒரு கூத்து, சிரிச்சுக்கிட்டே படி. ஆபீஸ்ல லீவு கணக்குப் போடுற புரோகிராம், முடியுற தேதியிலிருந்து தொடங்குற தேதியைக் கழிச்சுட்டு, அவ்வளவுதான் லீவுன்னு சொல்லும். ஒரு நாள் விட்டுப்போயிடும். இத்தனை வருஷமா எல்லாரும் அந்த ஒரு நாளை ஓசியில அனுபவிச்சிருக்காங்க. நான்தான் மூக்கை நுழைச்சுக் கண்டுபிடிச்சு, ஒண்ணைக் கூட்டினேன். மேனேஜர் முதுகுல தட்டிக்கொடுத்தார்.

மறுநாளே, ஊருக்கு வர நான் போட்ட லீவை அந்தப் புரோகிராம் திருப்பி அனுப்பிடுச்சு. மிச்சமிருக்கிற லீவைவிட ஒரு நாள் அதிகமாம்! நான் குறைச்சுப் போடுறதுக்குள்ளே அந்த வாரத்தை வேற ஒருத்தர் பிடிச்சுட்டார். ரெண்டு பேர் ஒண்ணாப் போகக் கூடாது. மேனேஜர்கிட்ட கெஞ்சிப் பார்த்தேன். "நீ திருத்தினதுதானேப்பா, நான் எப்படி மீறுறது?"ன்னுட்டார். நானே பூட்டைப் போட்டு நானே உள்ளே மாட்டிக்கிட்டேன். ஒரு நாள் போன கடுப்புல பக்கத்து சீட்டுக்காரர்கூட என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்லை.

அடுத்து ஊருக்கு எப்போ வருவேன்னு தெரியலை. கவலைப்படாதே. தேதி கிழிக்கிற காலண்டர் ஒண்ணு அனுப்பு. ஸ்கிரீன்ல தேதியைப் பார்த்தாலே எரிச்சலா வருது. என் பழைய போர்வையையும் அனுப்பு, துவைக்காம.

மேனேஜர் கூப்பிடுறார், முடிச்சுக்கிறேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எத்தனை ராத்திரி தூங்கி எழுந்தா அப்பா வருவார்னு பாப்பா விரல் விட்டு எண்ணுவாளே, அவ கடைசி நாளைச் சேர்க்க மாட்டா. அன்னிக்குத்தான் நான் வந்திருப்பேனே. அவளை மட்டும் திருத்திடாதே.