கேட்காமலே சொன்ன சரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் கம்பெனியில் செய்கிற கருவி பேட்டரியை மிச்சம் பிடிக்க, தகவலை முதலில் குறைந்த சக்தியில் அனுப்பும். 'கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால்தான் சக்தியைக் கூட்டி மறுபடி அனுப்பும். போன வாரம் பேட்டரி செலவு பாதியானது, மேனேஜர் கைதட்டினார். அப்புறம் பார்த்தால், எதிர்முனை தகவல் முழுசாகக் கிடைக்காமலே 'கிடைத்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுதிய புரோகிராமில் பிழை. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நீங்களும் அந்த ரகம்தான். போனில் குரல் விட்டுவிட்டு வந்தால் 'சரிம்மா, சந்தோஷம்' என்று முடித்துவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இனிமேல் 'கேக்கலம்மா'ன்னு கூசாமல் சொல்லுங்கப்பா, நான் கத்தியாவது சொல்கிறேன்.

என் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பதாக அம்மா மெசேஜ் போட்டிருக்கிறாள். வேண்டாம் என்று நீங்களே பதமாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொன்னது, இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை என்பதுதான்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்